பிரிக்க முடியாத துகள்: பரமாணுக் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாப் பொருள்களும் மேற்கொண்டு பிரிக்க முடியாத சிறு துகள்களால் ஆனவை என்ற எண்ணத்துக்கு 2400 வயதுக்கு மேல் ஆகிறது. பள்ளிப் பாடத்தில் இது இரண்டே வரியில் முடிந்துவிடும்: கிரேக்கத் தத்துவவாதி டெமாக்ரிட்டஸ் ஊகித்தார், ஆங்கிலேய வேதியியலாளர் டால்டன் நிரூபித்தார். இரண்டு வரியுமே அரைகுறை. இந்த விஷயத்தைப் பேச உட்காரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

அணுவைத்தான் பிளந்தாயிற்றே, இன்னும் என்ன "பிரிக்க முடியாத துகள்"?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பிளக்கப்பட்டது எது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

1808-ல் ஜான் டால்டன் தன் வேதியியல் நூலில், தனிமங்களின் மிகச் சிறிய அலகுக்குப் பழைய கிரேக்கப் பெயரை எடுத்து வைத்தார். கிரேக்கத்தில் "அட்டோமோஸ்" என்றால் வெட்ட முடியாதது என்று பொருள். தமிழில் நாம் அதற்கு "அணு" என்ற பழஞ்சொல்லைக் கொடுத்தோம். 89 ஆண்டுகள் கழித்து, 1897-ல், ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். 1911-ல் ரதர்ஃபோர்டு அணுக்கருவைக் காட்டினார். 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். 1938-ல் யுரேனியத்தின் கருவே இரண்டாகப் பிளந்தது.

இதில் தோற்றது டால்டன் வைத்த பெயர். தத்துவவாதிகள் "எது மேலும் பிரியாதோ அதுதான் அடிப்படை" என்று சொன்னார்களே தவிர, "ஹைட்ரஜன்தான் அது" என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் பல குழந்தைகள் பிறக்கவிருக்கும் வீட்டில் முதல் பிள்ளைக்கே "கடைக்குட்டி" என்று பெயர் வைத்துவிட்டதைப் போன்ற நிலை இது. பெயர் பொய்த்ததால் கடைக்குட்டி என்று ஒருவர் இருக்கவே மாட்டார் என்று ஆகிவிடாது.

குழப்பம் வராமலிருக்க, வேதியியல் சொல்வதை "அணு" என்றும் தத்துவம் சொல்வதைப் "பரமாணு" என்றும் இங்கே பிரித்தே எழுதுகிறேன்.

"பிரிக்க முடியாது" என்றால் சரியாக என்ன பொருள்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள். பரமாணுவைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லை ஆளுக்கொரு பொருளில் வைத்துக்கொண்டு போடப்பட்டவை என்பது என் எண்ணம்.

ஒன்று, வெட்ட முடியாமை. உள்ளே பகுதிகள் இருக்கலாம், ஆனால் எந்தக் கத்தியும் எந்த ஆற்றலும் அவற்றைப் பிரிக்காது. டெமாக்ரிட்டஸின் துகளுக்கு வடிவம் உண்டு: கொக்கி போன்றது, வழுவழுப்பானது, கூரானது. கொக்கி இருந்தால் அதற்கு ஒரு வளைவும் ஒரு தண்டும் இருக்குமல்லவா? பகுதி உண்டு, பிரிவுதான் இல்லை.

இரண்டு, பகுதியே இல்லாமை. அதன் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பேசுவதற்கே இடமில்லை. இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான வைசேடிகத்தைச் சேர்ந்தவர்களின் பரமாணு இப்படிப்பட்டது.

மூன்று, எண்ணத்தால்கூடப் பிரிக்க முடியாமை. ஒரு நீளத்தைப் பாதியாகக் கற்பனை செய்ய நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தக் கற்பனைக்கும் எல்லை உண்டா? உண்டு என்றார் கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் (கி.மு. 341–270). அவருடைய துகளை வெட்ட முடியாது. அதற்குள் மிகச் சிறிய அளவுகள் சில உண்டு. அந்த அளவுக்குக் கீழே கற்பனையும் போகாது.

முதல் பொருளில் தாக்கியவருக்கு இரண்டாம் பொருளில் பதில் சொல்வது இந்த வரலாறு முழுக்க நடந்திருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு வாதத்திலும் "இது எந்தப் பொருளில்?" என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

ஒரு பொருளை எத்தனை முறைதான் பாதியாக்க முடியும்?

கையில் கத்தரிக்கோலும் 30 செ.மீ. நீளக் காகிதப் பட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தள்ளிவிட்டு, மறு பாதியை மறுபடி வெட்டுங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்தாவது வெட்டில் துண்டு 1 செ.மீ.க்கும் கீழே வந்துவிடும். எட்டாவதில் 1 மி.மீ.யைச் சற்றே தாண்டும். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும், மூச்சு விட்டால் பறந்துவிடும். பத்தாவது வெட்டைக் கையால் போட என்னால் முடியவில்லை. கத்தரிக்கோலின் வாய் துண்டைவிடப் பெரிதாகி, வெட்டாமல் மடித்து நசுக்கியது.

அதன் பிறகு கணக்குப் போட வேண்டியதுதான். 15-வது வெட்டில் துண்டின் நீளம் ஓர் உயிரணுவின் அளவு. 20-வதில் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிது, எனவே சாதாரண நுண்ணோக்கியும் கைவிட்டுவிடும். 31-வது வெட்டில் 0.14 நானோமீட்டர், அதாவது ஒரு கரி அணுவின் அகலம். அங்கே காகிதம் என்பதே முடிந்துபோகிறது.

வெறும் 31 வெட்டு! முதல்முறை இந்த எண்ணைக் கணக்கிட்டபோது எங்கேயோ தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "முடிவில்லாமல் பிரித்துக்கொண்டே போகலாம்" என்று வாய் சொல்கிறது. பொருளோ முப்பத்தொன்றில் தன் பெயரை இழந்துவிடுகிறது. மேலும் போனால் 48-ல் புரோட்டானின் அளவு. 58-ல், நமது கருவிகள் எலக்ட்ரானைச் சோதித்துப் பார்த்திருக்கும் எல்லை. 114-ல் பிளாங்க் நீளம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதை முதலில் சொன்னவர் யார்? கிரேக்கரா, இந்தியரா?

இந்தப் போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. கிரேக்கத்தில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் லூசிப்பஸும் அவருக்குப் பின் அப்டெரா நகரத்து டெமாக்ரிட்டஸும் சொன்னார்கள். இந்தியாவில் கணாதரின் பெயரால் வரும் வைசேடிகம், சமணம், ஆசீவகம் என்ற பழைய துறவிச் சமயம், பௌத்தத்தின் சில பிரிவுகள் எல்லாம் தத்தம் வழியில் சொன்னன. இந்திய நூல்களின் காலத்தைத் துல்லியமாகக் கட்ட முடியாது. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்றும் கிடையாது. உள்ளடக்கத்தைப் பார்த்தாலே இவை தனித்தனியாக முளைத்தவை என்று தோன்றும். கிரேக்கரின் துகள்களுக்கு நிறமோ சுவையோ கிடையாது. வைசேடிகர்களின் துகள்களில் நிலம், நீர், தீ, காற்று என்று நான்கு வகை, குணங்களும் துகளிலேயே உண்டு. சமணர்களுக்கோ எல்லாப் பரமாணுவும் ஒரே இனம், குணங்கள் மட்டும் மாறும். பின்னாளில் இஸ்லாமியச் சிந்தனையின் கலாம் மரபில் வந்த அஷ்அரிகள், காலத்தையும் துகளாக்கி, இறைவன் ஒவ்வொரு கணமும் உலகைப் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள்.

ஒரே விடையல்ல இவை. ஒரே கேள்வி பல இடத்தில் எழுந்திருக்கிறது.

சோதனைக்கூடம் எதுவும் இல்லாமல் இப்படி ஒரு யோசனை எப்படி வந்தது?

மாற்றத்தைப் பார்த்து வந்தது. விறகு எரிந்து சாம்பலாகிறது. விறகு எங்கே போனது? சாம்பல் எங்கிருந்து வந்தது? பார்மெனிடீஸ் என்ற கிரேக்கர் கறாராகச் சொல்லிவிட்டார்: இல்லாததிலிருந்து எதுவும் வராது, இருப்பது இல்லாமலும் போகாது. ஆகவே மாற்றம் என்பதே நடக்கவில்லை, எல்லாம் வெறும் பொய்த்தோற்றம். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. கண் முன்னால் விறகு எரிந்துகொண்டும் இருக்கிறது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற லூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் கண்ட வழிதான் பரமாணு. பார்மெனிடீஸ் சொன்ன அழியாத, மாறாத "இருப்பை" எண்ணற்ற துண்டுகளாக்கி வெற்றிடத்தில் இறைத்துவிட்டார்கள். துண்டுகள் பிறப்பதில்லை, அழிவதில்லை, சேர்கின்றன, பிரிகின்றன. விறகு என்பது ஒரு சேர்க்கை, சாம்பல் வேறொரு சேர்க்கை.

அரிஸ்டாட்டில் இதை விளக்க எழுத்துகளை உவமை காட்டினார். நம் எழுத்திலேயே பார்ப்போமே. "கதவு" என்ற சொல்லில் நடு எழுத்தின் வடிவை மாற்றினால் "கனவு". அதே மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு முதலிரண்டின் வரிசையை மட்டும் மாற்றினால் "தகவு". எழுத்து எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை. ஆனால் ஒன்று மரத்தால் ஆனது, ஒன்று தூக்கத்தில் வருவது, ஒன்று மனிதரின் தகுதி. துகள்களின் வடிவும் வரிசையும் கிடக்கும் நிலையும் மாறினாலே உலகத்தின் இத்தனை வேறுபாடும் கிடைத்துவிடும் என்பது அவர்களின் துணிபு.

வெற்றிடம் எதற்கு?

துகள் நகர இடம் வேண்டும். எல்லாம் நெருக்கி அடைத்திருந்தால் எதுவும் அசையாது. "இல்லாதது" என்று பார்மெனிடீஸ் ஒதுக்கியதை, அதுவும் ஒருவகையில் இருக்கிறது என்று ஏற்க வேண்டியதாயிற்று. அரிஸ்டாட்டில் கடைசிவரை ஏற்கவில்லை. மீன் நீரில் நகரவில்லையா, முன்னால் உள்ளது விலகிப் பின்னால் வந்தால் போதாதா என்பது வெற்றிடத்தை மறுத்தவர்களின் பழைய பதில். நல்ல பதில்தான். பரமாணுக் கொள்கை நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்ததற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

துகளுக்கு நிறமும் சுவையும் இல்லை என்றால், நான் சுவைக்கும் இனிப்பு பொய்யா?

டெமாக்ரிட்டஸ் அப்படித்தான் தொடங்கினார்: இனிப்பு, கசப்பு, சூடு, நிறம் எல்லாம் வழக்கால் ஆனவை, உண்மையில் இருப்பவை துகள்களும் வெற்றிடமும் மட்டுமே. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. மருத்துவர் காலென் காப்பாற்றி வைத்த ஒரு துணுக்கில், புலன்கள் அறிவைப் பார்த்துத் திருப்பிக் கேட்கின்றன: எங்களிடமிருந்துதான் சான்றை வாங்கினாய், அதைக் கொண்டே எங்களைக் கவிழ்க்கப் பார்க்கிறாயா? நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய்.

தன் கொள்கையின் மிகக் கடினமான இடத்தைத் தானே சுட்டிக் காட்டிய அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. நரம்பில் ஓடும் மின்துடிப்பை அளந்துவிடலாம். அது ஏன் "இனிப்பாக" இருக்கிறது என்பதற்குத் துகள்களின் பட்டியலில் விடை இல்லை. வைசேடிகர்கள் குணங்களைத் துகளிலேயே வைத்ததால் இந்தச் சிக்கலுக்குள் வரவில்லை, ஆனால் அவர்களுக்கு வேறு சிக்கல்கள் வந்தன.

ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசுக்கும் பரமாணுவுக்கும் என்ன தொடர்பு?

இருண்ட அறையில் ஓர் இடுக்கு வழியாக வெயில் விழும்போது, அந்த ஒளிக்கற்றைக்குள் தூசுகள் மினுங்கிக்கொண்டு ஏறி இறங்கும். கற்றைக்கு வெளியே அதே தூசு கண்ணுக்குத் தெரியாது. "இருக்கிறது, ஆனால் தெரியவில்லை" என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. அதனால்தானோ என்னவோ எல்லோரும் அந்த ஜன்னலருகே போய் நின்றிருக்கிறார்கள். ரோமானியக் கவி லுக்ரீஷியஸ் கண்ணுக்குத் தெரியாத துகள்களின் முட்டல் மோதலுக்குச் சான்றாக அதைக் காட்டினார். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில், கோடிக்கணக்கான அண்டங்களும் இறைவன் முன்னே வீட்டுக்குள் நுழையும் கதிரில் தெரியும் அணுக்களைப் போலச் சிறியவை என்று பாடினார்.

வைசேடிகர்கள் அங்கேயே கணக்குப் போட்டார்கள். இரண்டு பரமாணு சேர்ந்தால் ஓர் இரட்டை. மூன்று இரட்டைகள் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள், அதுதான் அந்த வெயில் தூசு. ஆக ஒரு தூசில் ஆறு பரமாணு.

நமக்குத் தெரிந்த கணக்கில், 0.01 மி.மீ. அகலமுள்ள ஒரு தூசில் லட்சம் கோடிக் கணக்கில் அணுக்கள் இருக்கின்றன. ஆறு எங்கே, அது எங்கே! இருந்தாலும் அந்த ஆறை நான் மதிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததற்கும் தெரிவதற்கும் நடுவே எத்தனை படி இருக்க வேண்டும் என்று யோசித்து, ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொல்லி, தவறாகிப்போகும் துணிவு அதில் இருக்கிறது.

தமிழ் நூல்களில் இந்தக் கொள்கை உண்டா?

உண்டு, நல்ல விரிவாகவே. மணிமேகலையின் 27-ஆம் காதையில், மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே ஆசீவகர் சொல்லும் பகுதியைப் படித்துப் பாருங்கள். தொடக்கமில்லாத பரமாணுக்கள் சிதைவதில்லை, புதிதாகப் பிறந்து ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை. நீர் அணு நில அணுவாகத் திரிவதில்லை. ஒன்று இரண்டாகப் பிளப்பதில்லை. அவல் போலத் தட்டையாகப் பரவுவதும் இல்லை. இவைதாம் நெருங்கிச் செறிந்தால் வயிரம், துளைபட்டால் மூங்கில். தனி அணு ஏன் தெரிவதில்லை என்பதற்கு அவர் தரும் உவமை அபாரம்: மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது, மயிர்க்கற்றை தெரியும்.

அவலை மறுபடி கவனியுங்கள். நெல்லை இடித்தால் பிளக்காமலேயே தட்டையாகிறது. "பிளக்காது" என்று மட்டும் சொன்னால் போதாது, நசுங்கவும் கூடாது என்று அந்த ஆசீவகர் யோசித்திருக்கிறார். நசுங்க வேண்டுமானால் உள்ளே இடம்மாறப் பகுதிகள் வேண்டுமே! மேலே நான் சொன்ன முதல் பொருளுக்கும் இரண்டாம் பொருளுக்கும் நடுவிலுள்ள சந்து இதுதான்.

ஆசீவகரின் சொந்த நூல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. பௌத்தக் காப்பியமும் சமண, சைவ நூல்களும் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதில்தான் அந்தக் கொள்கை நமக்குக் கிடைக்கிறது. டெமாக்ரிட்டஸுக்கும் ஏறக்குறைய அதே கதை. அவர் எழுதியவை தொலைந்தன, அரிஸ்டாட்டில் போன்ற எதிராளிகள் எழுதியவை நின்றன.

கம்பர் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார். தூணிலும் இருக்கிறானா உன் கடவுள் என்று கேட்கும் இரணியனிடம் பிரகலாதன், அணுவை நூறு கூறாக்கினால் வரும் "கோண்" என்ற அளவிலும் அவன் இருக்கிறான் என்கிறான். பிரிக்க முடியாததற்கும் நூறில் ஒரு பங்கு! இறைவன் எந்த எல்லைக்கும் உட்பட மாட்டான் என்று சொல்ல, எல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றையே உடைத்துக் காட்டுகிறார் கவிஞர்.

இந்தக் கொள்கைக்கு எதிராக எழுந்த வலுவான வாதம் எது?

வசுபந்துவுடையது. பௌத்தத் தத்துவவாதி. தன் முந்தைய நூலில் பரமாணுக் கொள்கையை விரிவாகத் தொகுத்தவரே பிறகு அதைத் தகர்க்க வந்ததால், எங்கே அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் ஒரு பரமாணு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, மேல், கீழ் என்று ஆறு பக்கமும் ஆறு பரமாணுக்கள் வந்து ஒட்டுகின்றன. கிழக்கிலிருந்து வந்தது ஒட்டிய இடமும் மேற்கிலிருந்து வந்தது ஒட்டிய இடமும் வேறு வேறா? வேறு என்றால், நடுவிலிருப்பதற்கு ஆறு பகுதிகள் வந்துவிட்டன, அது பரமாணு இல்லை. ஒரே இடம்தான் என்றால், ஏழும் ஒரே இடத்தில் அடங்கிவிட்டன. எத்தனை கோடி சேர்த்தாலும் ஒரு பரமாணு அளவைத் தாண்டாது. மலை எப்படி வந்தது?

பகுதியே இல்லாதது, ஆனால் ஒன்றையொன்று தொட்டுப் பெரிய பொருளை உண்டாக்குவது என்ற இரண்டும் சேர்ந்து நிற்காது என்று இந்த வாதம் காட்டிவிட்டது. இரண்டாம் பொருளுக்கு இது உண்மையான அடி. வெட்ட முடியாமை என்ற முதல் பொருளை இது தொடவே இல்லை.

இதற்குத் தப்பும் வழியை 1758-ல் போஸ்கோவிச் என்ற ஐரோப்பிய அறிஞர் எழுதினார். அவருடைய துகள்கள் பருமனே இல்லாத புள்ளிகள், அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தூரத்தில் இருந்தபடியே விசையால் ஈர்க்கும், மிக அருகே வந்தால் தள்ளும். மலை பெரிதாக இருப்பது அந்தத் தள்ளல் வைத்த இடைவெளியால். "தொடுதல்" என்பதை எடுத்துவிட்டால் வசுபந்துவின் கேள்விக்குப் பிடிமானம் போய்விடுகிறது. இன்றைய இயற்பியலும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான். மேசை மேல் கை வைத்தால், நம் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று கிட்டவிடாமல் தடுப்பதைத்தான் "தொடுகிறேன்" என்கிறோம்.

"முடிவில்லாமல் பிரிக்கலாம் என்றால் கடுகும் மேருவும் சமமாகிவிடும்" என்ற வாதம் சரியா?

சரியில்லை. நியாய-வைசேடிகர்கள் விரும்பிச் சொன்ன வாதம் இது: இரண்டிலும் முடிவில்லாத பகுதிகள் என்றால் இரண்டும் ஒரே அளவாக வேண்டும், ஆகவே பிரிப்பு எங்கேயோ நின்றாக வேண்டும். ஆனால் பகுதிகளின் எண்ணிக்கை வேறு, அளவு வேறு. 1 செ.மீ. கோட்டிலும் 2 செ.மீ. கோட்டிலும் உள்ள புள்ளிகளை ஒன்றுக்கொன்று பொருத்திவிடலாம் என்று கணிதத்தில் காட்டிவிட்டார்கள். அதனால் நீளம் சமமாகவில்லை. வாதம் தோற்றாலும் அது தொட்ட இடம் ஆழமானது.

பரமாணுக் கொள்கை நாத்திகமா?

அதற்கும் இதற்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. எபிகூரஸ் தேவர்களைப் பற்றிய அச்சத்தைப் போக்க இதைப் பயன்படுத்தினார். பிற்கால வைசேடிகர்கள் பரமாணுக்களை இயக்க ஈசுவரன் வேண்டும் என்றார்கள். சமணர்களுக்குப் படைப்புக் கடவுள் இல்லை, ஆனால் உயிரும் வினையும் உண்டு. அஷ்அரிகளுக்கு இதுவே இறைவனின் முழு ஆட்சிக்குச் சான்று.

ஊகமாக இருந்தது எப்போது அறிவியலாயிற்று?

ஒரே நாளில் ஆகவில்லை. டால்டனிடம் இருந்தது எடைக் கணக்கு. 3 கிராம் கரியோடு 4 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் ஒரு வாயு. அதே 3 கிராம் கரியோடு 8 கிராம் சேர்ந்தால் இன்னொரு வாயு. சரியாக இரண்டு மடங்கு, நடுவில் ஐந்தே முக்கால் என்றெல்லாம் வராது. துண்டு துண்டாகச் சேர்ந்தால்தான் இப்படி முழு எண்ணில் வரும். நல்ல சான்றுதான், ஆனால் அணு கணக்குக்கு உதவும் கற்பனை மட்டுமே என்று சொல்லித் தப்பிக்க இடமிருந்தது. எர்ன்ஸ்ட் மாக் போன்ற பெரிய இயற்பியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அப்படித்தான் சொன்னார்.

வழக்கை முடித்தது ஒரு துகளின் நடுக்கம். 1827-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து நீரில் சிதறிய நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்த்தார். உயிர் இருப்பதால் துடிக்கிறதோ என்று எண்ணிக் கல்லைப் பொடித்தும் போட்டுப் பார்த்தார், அதுவும் துடித்தது. 1905-ல் ஐன்ஸ்டைன், நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் அந்தத் துகள் இத்தனை நேரத்தில் இவ்வளவு தூரம் அலைய வேண்டும் என்று கணக்கிட்டார். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் அதை அளந்தார், கணக்கு ஒத்துப்போனது, 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது. அணுவை நம்பாதிருந்த வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1909 வாக்கில் வெளிப்படையாக மனம் மாறினார்.

லுக்ரீஷியஸ் பார்த்த ஜன்னல் தூசு ஆடியதற்குப் பெரும்பாலும் காற்றோட்டமே காரணம். சான்று தவறு, முடிவு சரி. பெரன் நுண்ணோக்கியில் பார்த்தது லுக்ரீஷியஸ் தேடிய அதே நடனத்தைத்தான்.

இன்றைய கணக்கில் பிரிக்க முடியாதவை எவை?

எலக்ட்ரான், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க், மின்னேற்றமில்லாத மிக லேசான நியூட்ரினோ போன்றவை. குவார்க்கை 1964-ல் கெல்-மான், ஸ்வைக் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே முன்வைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் நடந்த மோதல் சோதனைகள் புரோட்டானுக்குள் புள்ளி போன்ற ஏதோ இருப்பதைக் காட்டின. எலக்ட்ரானுக்குள் மீட்டரில் நூறு கோடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கு அளவு வரை போய்ப் பார்த்தும் உள்ளமைப்பு எதுவும் தென்படவில்லை.

ஆனால் "பிரித்தல்" என்ற சொல்லே இங்கே நழுவத் தொடங்குகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். மியூவான் என்ற துகள் எலக்ட்ரானின் கனத்த உடன்பிறப்பு. சராசரியாக ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு நேரம் வாழ்ந்துவிட்டு, ஓர் எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் மாறிவிடுகிறது. அந்த மூன்றும் அதற்குள் உட்கார்ந்திருக்கவில்லை. பகுதியே இல்லாதது "உடைகிறது". புரோட்டானோ நேர்மாறு. அதற்குள் குவார்க்குகள் உண்டு, ஆனால் ஒன்றைத் தனியே வெளியே இழுக்க முடியாது. இழுக்க இழுக்க அதற்குச் செலவிடும் ஆற்றலே புதிய குவார்க் இணையாகி ஒட்டிக்கொள்ளும். இங்கே பகுதி உண்டு, பிரிவு இல்லை.

பகுதி இல்லாதது அழியாது என்ற பழைய நம்பிக்கை மியூவானால் போயிற்று. பகுதி உண்டென்றால் பிரிக்கலாம் என்ற பழைய நம்பிக்கை குவார்க்கால் போயிற்று. இரண்டு பக்கத்துத் தத்துவவாதிகளும் இதைக் கேட்டிருந்தால் தூங்கியிருக்க மாட்டார்கள். இன்றைய கோட்பாட்டில் எலக்ட்ரான் என்பது எங்கும் பரவிய ஒரு புலத்தின் அதிர்வு. சிறு மணி, சிறு குண்டு என்ற படத்தை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

துகள்கள்தான் உண்மை என்றால் மேசை, மரம், நான் எல்லாம் வெறும் குவியல்தானா?

இதற்கு இந்தியத் தத்துவத்தில் நேருக்கு நேர் மோதிய இரண்டு பதில்கள் உண்டு. துணி என்பது நூல்களிலிருந்து வேறான புதிய பொருள் என்றார்கள் வைசேடிகர்கள். நூல்கள் அவயவம், துணி அவயவி. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் துணி முழுவதும் வருகிறதே, நூல் குவியலை அப்படி இழுக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. பௌத்தர்களோ நூல்கள் மட்டுமே உண்டு, துணி என்பது நாம் சூட்டிய பெயர் என்றார்கள்.

நான் இந்த விஷயத்தில் வைசேடிகர் பக்கம் சாய்கிறேன், காரணம் புரோட்டான். அதிலுள்ள குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் 1 சதவீதம்தான் வரும். மீதி முழுவதும் அவை கட்டுண்டு இயங்கும் ஆற்றலிலிருந்து வருகிறது. உங்கள் உடல் எடையில் பெரும்பகுதி எந்தப் பரமாணுவுக்கும் சொந்தமானதல்ல, சேர்க்கைக்குச் சொந்தம். குவியல் என்று சொல்லிவிட்டு அதை எப்படி விளக்குவது?

பிளாங்க் நீளம்தான் இடத்தின் பரமாணுவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு மீட்டரை 10-ஆல் 35 முறை வகுத்தால் வரும் அளவைப் போல 1.6 மடங்கு அது. ஈர்ப்பு விசையையும் குவாண்டம் விதிகளையும் ஒளியின் வேகத்தையும் இணைத்தால் கிடைப்பது. அந்த அளவில் நமக்குத் தெரிந்த விதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடம் அங்கே துண்டு துண்டாக இருக்கலாம் என்று சில கோட்பாடுகள் சொல்கின்றன, எந்தச் சோதனையும் அதைக் காட்டவில்லை. காகிதப் பட்டையின் 114-வது வெட்டு இது. நம் கருவிகள் 58-ஐ ஒட்டி நிற்கின்றன.

கடைசித் துகள் என்று ஒன்றே இல்லாமல், உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தால்?

தர்க்கத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781-ல், எல்லாம் பகுதியற்றவற்றால் ஆனது என்பதற்கும் பகுதியற்றது எங்கும் இல்லை என்பதற்கும் சமமான வலுவோடு நிரூபணம் எழுதி எதிரெதிரே வைத்தார். கேள்வியே நம் அறிவின் எல்லையைத் தாண்டுகிறது என்பது அவர் முடிவு. இன்றைய தத்துவவாதிகள் எல்லாப் பகுதிக்கும் மேலும் பகுதி உண்டு என்ற உலகத்தை முரணில்லாமல் விவரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும்" என்று நம் மனம் பிடிவாதம் பிடிக்கிறது. கட்டடத்துக்கு அடித்தளம் பார்த்துப் பழகிய மனம். சோதனையாலும் இதைத் தீர்த்துவிட முடியாது. எலக்ட்ரானுக்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஒன்றும் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், இன்னும் ஆழமாகப் போகவில்லை என்றும் கொள்ளலாம். 59-வது வெட்டு போடும் கருவி வந்தால் அந்த ஒரு வெட்டுக்கு மட்டும் பதில் கிடைக்கும். 60-வது மறுபடி கேள்வியாகவே இருக்கும்.